ஒன்றரை மடங்கு

எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம் முறை
கண் சிமிட்டிய கேமரா இது.
சவரிமுத்து ஒளிக்கவில்லை. கணினியில் செருகி
எண்ணிக்கையைக் காட்டிவிட்டே விலை சொன்னார்.
அத்தனையும் கல்யாணம், அக்கா.
பாதி பள்ளத்தூர், பாதி கானாடுகாத்தான்.
மழையில் நனைந்ததில்லை, மணலில் விழுந்ததில்லை,
பன்னீர் மட்டும் இரண்டு தடவை பட்டிருக்கிறது.

எழுபத்திரண்டாயிரம்.
சீட்டைத் தள்ளி எடுத்தது நாற்பது,
பழைய கேமரா போன விலை பத்தொன்பதரை,
மிச்சத்துக்கு ஒரு மோதிரம். அது எங்கே என்று
வீட்டில் இன்னும் யாரும் கேட்கவில்லை.

ஃபுல் ஃபிரேம் என்று சொல்லும்போதே
வாய் கொஞ்சம் அகலமாகிறது.

நூறடி ரோட்டில் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை.
நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் சட்டம் மாட்டி
வில்லை மாற்றி வில்லை மாற்றிக் கேட்பேன்:
இது தெளிவா, முன்னே போட்டது தெளிவா?
இரண்டும் ஒண்ணுபோலத்தான் என்பார்கள் பாதிப்பேர்.
அவர்களிடம் எனக்குப் பொறுமை இருந்தது,
போன ஞாயிறு வரை.

ஞாயிறு, கண்டனூர் தாண்டி ஒரு கண்மாய்.
கருவேலங் கிளையில் நத்தைகுத்தி நாரை.
அதே கிளை, அதே முந்நூறு லென்ஸ்,
ஸ்கூட்டியை நிறுத்துகிற அதே பனைமரம்.
கண்ணை வைத்தேன்.
நாரை தூரப் போயிருந்தது.
பறக்கவில்லை. அங்கேயேதான் நின்றது.
சுற்றிலும் வானம் வந்து சேர்ந்திருந்தது,
தண்ணீர், ஆகாயத்தாமரை,
அக்கரையில் யாரோ கழுவுகிற டிராக்டர்.
இத்தனை நாள் இவையெல்லாம் எங்கே இருந்தன?

தெரியாமல் வாங்கவில்லை. படித்திருக்கிறேன்.
சின்ன சென்சார் ஓரத்தை நறுக்கிவிட்டு
நடுவை மட்டும் நீட்டும்,
ஒன்றரை மடங்கு கிட்டே என்று நாம் சொல்லிக்கொள்வோம்.
ஆனாலும் படித்தது வேறு,
எழுபத்திரண்டாயிரம் கொடுத்து
ஒரு பறவையைத் தள்ளி உட்காரவைப்பது வேறு.

அறுநூறு லென்ஸ் போடணும் அக்கா என்றார் சவரிமுத்து போனில்.
அதன் விலையைச் சொன்னபோது
சிக்னல் இல்லாதவள் போலப் பேசாமல் இருந்தேன்.

செருப்பைக் கழற்றிச் சேற்றில் இறங்கினேன்.
எட்டு அடி. ஒன்பதாவதில் நாரை
என்னையும் ஒரு பொருட்டாக மதித்துப் பறந்தது.

பிறகு மழை. செவ்வாய் சாயங்காலம்
வேலை முடிந்து வர ஆறேகால்.
அதை வெளிச்சம் என்று சொல்ல முடியாது, மிச்சம்.
எனக்குக் கிடைப்பது எப்போதும் இந்த நேரம்தான்.
செம்புறாங்கல் மண்ணில் தம்பலப்பூச்சி ஒன்று.
நகைப்பெட்டிக்குள் ஒட்டுகிற சிவப்பு வெல்வெட்டில்
ஒரு துணுக்கு எழுந்து நடந்தால் அப்படி.

முழங்கை ஊன்றிப் படுத்தேன். சுடிதார் போச்சு.
பழைய கேமரா இந்த இருட்டில்
படம் முழுக்க நொய் கொட்டி வைத்திருக்கும்,
புதுவயல் மில் வாசல் மாதிரி.
ஐ.எஸ்.ஓ. ஆறாயிரத்து நானூறு.
மூச்சை நிறுத்தி ஒன்று.
கூர்மை ஒரு மயிரிழை அகலம்,
பூச்சி அதைத் தாண்டிப் போய்விட்டது.
இன்னொன்று. முன்னங்கால் மட்டும்.
முப்பத்தோராவதில்
முதுகின் ஒவ்வொரு ரோமமும்,
நுனிக்கு நுனி மழையின் பொடியும்.
பின்னால் இருட்டு இருட்டாகவே இருந்தது.

மணவறை முன்னால் சிமிட்டிய கண்
இதற்கும் அதே சத்தத்தில்தான் சிமிட்டியது.

அன்றிரவு நாரைப் படத்தையும் திறந்தேன்.
ஓரத்தை வெட்டினால் கிட்டே வந்துவிடும்.
கோட்டை இழுத்து வைத்தேன், எடுத்தேன்.
டிராக்டர் கழுவுகிறவர் கையில்
நீலப் பிளாஸ்டிக் வாளி. அது பிடித்திருந்தது.

பழையதை வாங்கிய அசாருதீன்
இன்று காலை திருமயத்திலிருந்து கடைக்கே போன் செய்தான்.
அக்கா, இதில் மீன்கொத்தி
எவ்வளவு பக்கத்தில் வருது தெரியுமா!
எதிர் நாற்காலியில் ஒருவர்
ஒரு கண்ணைப் பொத்திக் காத்திருந்தார்.
வருமே, என்றேன்.

போனை வைத்துவிட்டு அவருக்கு வில்லையை மாற்றினேன்.
இரண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு, என்றார்.
அவசரமில்லை, இன்னொரு தடவை பாருங்கள்.